மார்கரெட்டுக்குக் கட்டிய இரண்டு கயிறு

முருகன் படத்தை எங்கே ஒட்டுவது என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரியில் பனி இன்னும் விலகவில்லை. படகுத்துறைப் பலகைகள் நனைந்து, ஆளை வழுக்கிவிடத் தயாராக இருந்தன. என் கணவர் தண்டபாணி, தலையில் குரங்குக் குல்லாயும் நெற்றியில் விபூதிப் பட்டையுமாக, ஒரு சின்னப் பழைய பாய்மரப் படகின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ராஜ அலங்கார முருகன் படம். பல்லுக்கிடையில் செல்லோடேப்.

"நம்மள பாத்தாப்ல ஒட்டவா, முன்னாடி பாத்தாப்ல ஒட்டவா?" என்று டேப்பைக் கடித்தபடியே கேட்டார்.

"பஸ்ல எப்படி ஒட்டுவாங்க?"

"பஸ்ல டிரைவர பாத்தாப்லதான்."

"அப்ப அப்படியே ஒட்டுங்க."

"அது பஸ்ஸு, ஸ்டெல்லா. ரோட்ட டிரைவர் பாத்துக்குவாரு. இங்க டிரைவருக்கே ஒண்ணும் தெரியாது. அவரு முன்னாடி பாக்கட்டும்."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். எதற்கு வாதாடலாம், எதற்குக் கூடாது என்று தெரியும். முருகன் பாய்மரத்தின் முன்பக்கம், ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். என் பங்குக்கு ஒரு மாதா படத்தைப் பின்பக்கம், எங்களைப் பார்த்தபடி ஒட்டினேன். யாராவது எங்களைக் கண்காணிக்க வேண்டுமே.

அன்று இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் படகுக்குப் பரீட்சை. தேறினால் ஏரியில் இருக்கலாம். தேறாவிட்டால் ஒரு ரிசார்ட் வாசலில் பூந்தொட்டியாகப் போய்விடும்.

கோபித்துக்கொண்டு மலை ஏறியவர்

போன வாரம் இந்தப் பத்தியில், விடுதி மெஸ்ஸில் பூசணிக்காய்ப் போராட்டம் நடந்ததை எழுதியிருந்தேன். படித்த ஒரு பழைய மாணவி, "மிஸ், அங்கிளைப் பற்றி எழுதவே இல்லையே" என்று குறைப்பட்டிருந்தாள். எழுதாததற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி சனி, ஞாயிறுகளில், பழனி பஸ்ஸில்தான் நடந்தது. நான் மேலே கொடைக்கானலில் வாத்தியார். அவர் கீழே பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. யார் இறங்குவது, யார் ஏறுவது என்பதே எங்கள் சண்டை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருடைய தம்பி செந்தில், "அண்ணே, நீங்க ரெஸ்ட் எடுங்க. கடைய நான் பாத்துக்கிறேன்" என்றான். பாசத்தில் சொன்னதுதான். இவர் காதில் அது 'கிளம்புங்க' என்று விழுந்தது. சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மலை ஏறி, அட்டுவம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கோபித்துக்கொண்டு மலை ஏறுவது பழனியில் புதிதில்லை. அவர்கள் சாமியே ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வந்து மலையில் உட்கார்ந்தவர்தான். அது சின்ன மலை. இவர் கோபம் கொஞ்சம் பெரிது என்பதால் இன்னும் மேலே வந்துவிட்டார்.

வந்தவர் பேரிக்காய் மரத்தைப் பார்த்தபடி ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. தம்பி போன் செய்யவில்லை, இவரும் செய்யவில்லை. கடை திறக்க விடியுமுன் எழுந்து பழகியவர், வெயில் முகத்தில் அடிக்கும்வரை போர்வைக்குள் கிடந்தார். எழுப்பினால் ஒரே பதில்.

"வெள்ளனே எந்திரிச்சு என்ன செய்ய? எனக்கென்ன சோலி கெடக்கு?"

முதல் வாரம் எரிச்சல்பட்டேன். இரண்டாம் மாதம் பயந்துபோனேன். ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு ரத்தக்குழாய் தெரியும். சோலி இல்லாத மனிதனை என்ன செய்வது என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

மார்கரெட் வந்த கதை

அந்தச் சமயத்தில்தான் நான் ஓய்வு பெற்றேன். மற்றவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதோடு, பள்ளிக்கூடத்துப் பழைய கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்த இளம் வாத்தியார் ஒருவர் ஓடி வந்து, "மேம், உள்ள ஒரு போட் கெடக்கு. நீங்க எடுத்துக்கிறீங்களா, இல்ல ஸ்கிராப்ல போட்டுறலாமா?" என்று கேட்டார்.

எப்போதோ இங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் விட்டுப்போன படகு. ஒட்டடையும் எலிப்புழுக்கையுமாகக் கிடந்தது. ஆனாலும் இரண்டு பாய்களும் முழுசாக இருந்தன. பின்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் 'மார்கரெட்' என்று எழுதியிருந்தது.

பருவக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டே என் காலம் போனது. அந்தக் காற்றில் போகிற எதிலும் நான் ஏறியதில்லை. கைக்காசு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாற்காலியில் இருந்தவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பினார்.

"யாரு மார்கரெட்டு?"

"தெரியாது."

"ஓட்ட இருக்கே."

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? தண்ணி வருமில்ல?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து தட்டிப் பார்த்தார். மறுநாள் காலை நான் காபி போடுவதற்குள் வெளியே உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

படகு ஏரிக்குப் போன பிறகு தினமும் காலையில், "மார்கரெட்ட பாத்துட்டு வெரசா வந்துர்றேன்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். பக்கத்து வீட்டம்மா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாவது நாள் வேலியோரமாக வந்து என் கையைப் பிடித்து, "டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சேதான் நடக்குதா?" என்றார். "நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்" என்றேன். அவர் அதன் பிறகு ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துடுப்பைத் தொட்டால் அவுட்

மார்கரெட்டை நாங்கள் கட்டி வைத்திருந்த சின்னத் துறைக்கு ஒரு செக்ரட்டரி உண்டு. கழுத்தில் விசில் மாட்டிய மனிதர். எங்கள் படகு மாசக்கணக்கில் அசையாமல் கிடந்ததை அவர் கவனித்துவிட்டார். அதே நேரத்தில் ஒரு ரிசார்ட்காரர்கள், வாசலில் வைத்து ஜெரேனியம் செடி நட ஒரு பழைய படகு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், பாய்மரப் படகுன்னா பாய்ல போகணும். சும்மா கட்டிப்போடுறதுக்கு இங்க எடமில்ல," என்றார் செக்ரட்டரி. "சண்டே மார்னிங் ஒரு டெஸ்ட் வச்சுக்கலாம். அந்த வளைவுல சாஞ்ச மரம் இருக்குல்ல, அதுவரைக்கும் காத்துல போகணும், காத்துல திரும்பி வரணும். துடுப்பத் தொட்டா அவுட்டு. தொட்டீங்கன்னா ரிசார்ட்டுக்குக் குடுத்துருவோம்."

என் கணவர் வீட்டுக்கு வந்து அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம்தான். எனக்கு அது போதும். என்ன ஆனாலும் இந்தப் படகு தேறியாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பார்சல் முடிச்சு

படகில் பாய் கட்டுவதை ஒரு இங்கிலீஷ் வீடியோவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். நான் மொழிபெயர்க்க, அவர் கட்டினார்.

விஷயம் இதுதான். படகில் இரண்டு பாய். பெரியது பின்னால், அது இடமும் வலமும் தானே மாறிக்கொள்ளும், சமர்த்து. சிக்கல் எல்லாம் மூக்குப் பக்கம் இருக்கிற சின்ன முன்பாயில்தான். அதன் கீழ்மூலையில் இரண்டு கயிறு கட்ட வேண்டும். ஒன்று இடப்பக்கமாக நம் கைக்கு வரும், இன்னொன்று பாய்மரத்துக்கு முன்னால் சுற்றி வலப்பக்கமாக வரும். காற்று மாறினால் ஒன்றை விட்டு மற்றதை இழுக்க வேண்டும். இந்தக் கயிறுகளுக்குப் பெயர் ஷீட். பாய்க்கு ஷீட் என்று பெயர் வைக்காமல் கயிற்றுக்கு வைத்தவன் யார் என்று இவர் கேட்டார். வீடியோக்காரர் அதைச் சொல்லவில்லை.

கயிற்றின் மறுமுனை ஒரு வளையத்துக்குள் நுழைந்து கைக்கு வருகிறது. உருவிக்கொண்டு போகாமலிருக்க அந்த முனையிலும் ஒரு முடிச்சு வேண்டும். எளிதாக அவிழ்கிற ஏதோ ஒரு முடிச்சை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். இவர் சிரித்தார்.

"அவுக்குறதுக்கா முடிச்சுப் போடுவாங்க?"

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளைப் பழனிக்கு டூர் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது ஸ்டாஃப் ரூமுக்குப் பஞ்சாமிர்தம் வாங்கினேன். கடையில் இருந்த இளைஞன் அட்டைப்பெட்டியைச் சணலால் நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். மலை மேல் வந்து பிரித்தால் அவிழவில்லை. நகம் உடைந்தது. காம்பஸ் முள் உடைந்தது. கடைசியில் தோட்டக்காரரின் கத்தரிக்கோல் வந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தச் சணலைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன்.

"டீச்சர், எங்க பார்சல் திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸு டாப்புல போகணும். வழியில அவுந்தா கடைக்குத்தான அசிங்கம்?" என்றான் அந்த இளைஞன்.

அவிழ்க்க முடியாத முடிச்சில் நான் மாட்டியது அப்படித்தான்.

அன்று மழை பிடித்துக்கொண்டதால் கடை வேனிலேயே என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான். தைப்பூச நேரம். தெருவை அடைத்துக் காவடிக் கூட்டம். முன்னால் போக வழியே இல்லை. தெரு முழுவதும், ஒரு காவடியின் மயிலிறகுகூட உரசாமல், வேனை ரிவர்ஸிலேயே எடுத்தான். நான் ஜன்னலில் தலையை நீட்டி வழி சொல்லிக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் அவனைப்போல ரிவர்ஸ் எடுக்க ஆளில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குள் எங்கள் இரு வீட்டிலும் ரகளை தொடங்கியிருந்தது. அது வேறு கதை.

சாமிக்குக் குறுக்கே

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பூஜை போடாமல் வண்டி எடுத்த வரலாறு இவர் குடும்பத்தில் இல்லை. சூடம் காட்டினார். அடுத்து எலுமிச்சம்பழம். படகுக்குச் சக்கரம் இல்லை, பழத்தை எதற்கடியில் வைப்பது? படகு சரிந்து இறங்கும் பலகையில் வைத்துத் தள்ளினோம். ஒன்று நசுங்கியது. இன்னொன்று தப்பித்தது; அதை எடுத்துப் படகுக்குள் போட்டுக்கொண்டோம்.

நான் பெரிய பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் முன்பாயின் மூலையில் இரண்டு கயிற்றையும் கட்டிக்கொண்டிருந்தார். பல்லால் இழுக்கிற சத்தம் கேட்டது. இடக்கயிறு சரியாக வந்தது. வலக்கயிற்றைப் பாய்மரத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் முருகன் இருந்தார்.

சந்நிதிக்குக் குறுக்கே கயிறு இழுக்கிற பழக்கம் பழனிக்காரருக்குக் கிடையாது. ஆகவே அவர் மிகுந்த மரியாதையோடு, கயிற்றைப் பாய்மரத்துக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் கொண்டுபோய், வளையத்தில் நுழைத்து, முனையிலும் பார்சல் முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டார். அது என் மாதாவின் மூக்குக்கு நேராகப் போனது. அதை நான் அப்போது பார்க்கவில்லை.

கரையில் ரிசார்ட்டின் லோடு வண்டி, ஒரு குட்டியானை, வந்து நின்றது. டிரைவர் இறங்கி எங்கள் படகை ஒரு கயிற்றால் அளவெடுக்கிற மாதிரிக் கண்ணால் அளந்தார். செக்ரட்டரி விசிலை ஊதினார்.

போனோம்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மார்கரெட் போனாள். அழகாகப் போனாள். காற்று வளைவிலிருந்து துறையைப் பார்த்து, கொஞ்சம் வலப்பக்கமாக வந்தது. பாய் இரண்டும் இடப்பக்கம் விறைத்து நின்றன. படகு ஒருபக்கம் சாய, தண்ணீர் அடியில் சளசளத்தது. நான் போட்ட அம்புக்குறிகளில் ஒன்றின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இவர் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தார்.

சாய்ந்த மரம் வந்தது. இடப்பக்கம் கோரை மண்டிய கரை. வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும்.

"திருப்பிட்டேன்! எடக்கயித்த விட்டுட்டு வலக்கயித்த இழு!"

இழுத்தேன். வரவேண்டிய பாய் வரவில்லை. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் இழுத்தேன். இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தது. அப்போதுதான் கயிறு போகிற வழியைப் பார்த்தேன்.

"என்னங்க, கயிறு ஏன் பாய்மரத்துக்குப் பின்னாடி வருது?"

"முன்னாடி சாமி இருக்காருல்ல?"

"அதுக்கு?"

"குறுக்க எப்படிக் கயிறு விட முடியும்?"

"பின்னாடி என் மாதா இருக்காங்களே, அவங்க மூஞ்சிக்குக் குறுக்க விடலாமா?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்க ஸ்டெல்லா. அவங்க அம்மால்ல. எங்க ஆளுதான் கோவக்காரரு."

"உலகத்தையே சுத்தி வந்தவரு, ஒரு கயித்துக்கா கோவிச்சுக்குவாரு?"

"ஒரு பழத்துக்கே கோவிச்சுக்கிட்டவரு!"

கயிற்றை அவிழ்த்து மாற்றலாம் என்று பாய்ந்தேன். அந்த முனையிலும் பார்சல் முடிச்சு. இந்த முனையிலும் பார்சல் முடிச்சு. நகம் உடைந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே விரல்.

இதற்குள் படகின் மூக்கு காற்றுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. முன்பாய் காற்றில் அறைபட்டுப் பாய்மரத்தோடு அப்பிக்கொண்டது. ஒரு கயிறு குறுக்கே போகக் கூடாது என்று பார்த்த சாமியை இப்போது முழுப் பாயும் மூடிவிட்டது.

"அலங்காரத்துக்குத் திரை போட்டாப்ல இருக்கு," என்றார் இவர், ஈனசுரத்தில்.

கரையில் குட்டியானையின் பின்கதவைத் திறக்கிற சத்தம் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது. துடுப்பு என் காலடியில் கிடந்தது. இவர் அதைப் பார்த்தார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேரிக்காய் மரத்தைப் பார்ப்பாரே, அதே பார்வை. நகர்ந்து உட்கார்ந்து துடுப்பை அவர் கண்ணுக்கு மறைத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், நான் பாய்ந்த வேகத்தில் தண்ணீரில் விழுந்திருந்த எலுமிச்சம்பழம் எங்களைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பழம் போகவில்லை. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். அறைகிற காற்று மார்கரெட்டை அப்படியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தது எங்கள் துறை.

"என்னங்க," என்றேன். "ரிவர்ஸ்ல போகுது."

அவர் திரும்பிப் பார்த்தார். சுக்கானைக் கொஞ்சம் அசைத்தார். படகின் பின்பக்கம் அசைந்தது. மறுபடி அசைத்தார். அவர் முகத்தில் பல மாதமாகக் காணாமல் போயிருந்த ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது.

"ஸ்டெல்லா," என்றார், குல்லாயைக் கழற்றிப் போட்டுவிட்டு. "பின்னாடி பாத்து வழி சொல்லு."

வரட்டும், வரட்டும்

நான் பின்பக்கம் பார்த்து முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"வரட்டும்… வரட்டும்… லெஃப்ட்ல ஒரு பெடல் படகு! ரைட்ல ஒடிங்க!"

"ஒடிச்சாச்சு!"

"வரட்டும்… நேரா… கொஞ்சம் மெதுவா!"

"பிரேக்கு இல்ல!"

"அப்ப வரட்டும்!"

பெடல் படகுகளில் இருந்த சுற்றுலாக் கூட்டம் அலறிக்கொண்டு வழிவிட்டது. ஒரு தேனிலவு ஜோடி மட்டும் விலகத் தெரியாமல் அதே இடத்தில் வட்டமடித்தது. இவர் அவர்களை ஒரு முழம் இடைவெளியில் கடந்தார். கரையோரம் குதிரை மேல் போனவர்கள் நிறுத்திவிட்டு வீடியோ எடுத்தார்கள். மக்காச்சோளம் சுடுகிற அம்மா விசிறியோடு எழுந்து நின்று, "அப்படித்தான், வரட்டும்!" என்று எனக்கு எதிர்க்குரல் கொடுத்தார். ஏரிக்கரையே எங்களை ரிவர்ஸ் எடுத்தது.

துறையில் கட்டியிருந்த பழைய டயரில் மார்கரெட்டின் முதுகு மெத்தென்று முட்டி நின்றது. சாமி இன்னும் திரைக்குள்ளேயே இருந்தார்.

செக்ரட்டரி எங்களையும் படகையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், திரும்பி வரணும்னு சொன்னேன். நீங்க திரும்பாமலே வந்திருக்கீங்க."

"காத்துல போனமா?" என்றார் இவர்.

"போனீங்க."

"காத்துல வந்தமா?"

"வந்தீங்க."

"துடுப்பத் தொட்டமா?"

செக்ரட்டரி குனிந்து துடுப்பைப் பார்த்தார். ஈரமே இல்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "அடுத்த தடவ முன்பக்கமா வாங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

குட்டியானை டிரைவர் காலி வண்டியைத் திருப்ப முடியாமல் ஏரி ரோட்டில் முன்னும் பின்னும் தவித்துக்கொண்டிருந்தார். இவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நனைந்த வேட்டியோடு ஓடிப்போய், "ஏலே, எறங்கு நீ," என்று அந்த டிரைவரை இறக்கிவிட்டு, ஒரே எடுப்பில் வண்டியை எடுத்து ரோட்டில் விட்டுவிட்டு வந்தார். டிரைவர், முன்சீட்டில் வைத்திருந்த ஜெரேனியம் கன்று ஒன்றை நன்றியோடு கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது எங்கள் வாசலில், ஒரு உடைந்த வாளியில் இருக்கிறது.

சாயங்காலம் போன் வந்தது. பழனி நம்பர். யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்னாலேயே மலை இறங்கியிருந்தது. இவர் எடுக்கத் தயங்கினார். நான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே," என்றான் செந்தில். "நம்ம வேன எடுத்தாப்லயே எடுத்தீங்கண்ணே. கடையில எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். கீழ வாங்கண்ணே. நீங்க இல்லாம கடை கடையாவே இல்ல."

இத்தனை மாதமும் இவர் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும். இப்போதே எழுந்து, சட்டைகளைப் பையில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

மடியில் மார்கரெட்டின் முன்பாய் கிடந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கொண்டை ஊசியால் அந்த முடிச்சை நெம்பிக்கொண்டிருந்தார். இன்னும் அவிழவில்லை.

"வாரேன்லே செந்திலு," என்றார். "தைப்பூசத்துக்குக் கண்டிப்பா வாரேன். அதுக்கு மின்ன முடியாது. இங்க எனக்குச் சோலி கெடக்கு."